தந்நகரம்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய நூல்களை எழுத்தாக்கி இணையத்தில் வைக்கும் தமிழ் விக்கிமூலத்தில் மூன்று மாதமாக மெய்ப்பு பார்க்கிறேன். 1920களில் வந்த ஒரு கட்டுரை நூலில் 40 பக்கங்கள் முடித்திருக்கிறேன். 'அநுபவம்', 'அநுமதி' என்று பிழையாக இருந்தவற்றையெல்லாம் 'அனுபவம்', 'அனுமதி' என்று திருத்தினேன். முன்பின் தெரியாத ஒருவர் முதல் பத்துப் பக்கங்களைப் பழையபடி மாற்றிவிட்டார். மனம் விட்டுப்போயிற்று. இதையெல்லாம் அறிஞர்களிடமே விட்டுவிடுவதுதான் சரியா? எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுகளையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றை இணையத்தில் ஏற்றலாமா?

எஸ்., விருத்தாசலம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு பழைய பயண நூலின் பக்கப் படங்களை எந்திரத்திடம் கொடுத்து எழுத்தாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் எந்திரம் துணைக்காலை ரகரமாகப் படிக்கும். 'பாடம்' என்பது 'பரடம்' என்று வரும். பார்த்த உடனே பிழை தெரிந்துவிடும். இப்போது வரும் எந்திரங்கள் தடுமாறுகிற இடத்தில் ஊகம் செய்து, இன்று புழங்குகிற ஒரு சொல்லை அங்கே வைத்துவிடுகின்றன. வாக்கியம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பக்கத்தின் படத்தை அருகில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தால்தான் ஆசிரியர் வேறு சொல் எழுதியிருப்பது தெரிகிறது. அந்த எரிச்சலில் இருந்தவனுக்கு உங்கள் கடிதம். எந்திரம் செய்வதையே நீங்கள் மூன்று மாதம் கண் வலிக்கச் செய்திருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 'அநுபவம்' பிழை என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தக் காலத்தில் நன்றாகப் படித்தவர்களே அப்படித்தான் எழுதினார்கள். அது எப்போது தேய்ந்து 'அனுபவம்' நிலைத்தது என்று நாளை ஒரு மாணவி தேடிப் பார்க்கலாம். உங்களைப் போல நூறு பேர் நல்லெண்ணத்தோடு திருத்திவைத்தால் அவளுக்கு என்ன கிடைக்கும்? 1920லேயே எல்லோரும் நம்மைப் போலத்தான் எழுதினார்கள் என்று தெரியவரும். நாளைய எந்திரங்களும் இதைப் படித்துத்தான் தமிழ் கற்கப்போகின்றன.

என் அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார். ஈய எழுத்துக் காலம். அச்சகத்தில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் புரூஃபில் கண்ணை ஓட்டுவார். படிப்பவர் வராத நாட்களில் அப்பா தாள்களை வீட்டுக்கு எடுத்து வருவார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் படிக்க வேண்டும். வெறுமனே படித்தால் போதாது. கமா, பாரா என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நகரம் வரும் இடத்தில்தான் கஷ்டம். ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றுதான். அதனால் வழக்கத்துக்கு மாறாக 'அநுபவம்' என்று வந்தால், படித்துவிட்டு, அது 'ந' என்று தெரிவதற்காகத் 'தந்நகரம்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கண் அந்த எழுத்தில் ஒரு கணம் நிற்கும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மறுபதிப்புக்கு வந்த ஒரு பழைய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்தது 'அனுபவம்'. பழைய புத்தகத்தில் தப்பு இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, தந்நகரத்தைச் சொல்லாமல் கடந்து போய்விட்டேன். கம்பாசிட்டரும் கை வழக்கத்தில் 'ன' என்ற றன்னகரத்தைக் கோத்திருந்தார். அப்பா என்னை நம்பினார். புத்தகம் அச்சாகிவிட்டது. நூலாசிரியரின் மகன் பழைய பதிப்போடு வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அந்த மாதம் அப்பாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் என்னை அடிக்கவில்லை. "அவர் எழுதினதைப் படிக்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ராத்திரியும் என்னைத்தான் உட்காரவைத்தார். நான் ஒவ்வொரு நகரத்துக்கும் தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று கத்திக் கத்திப் படித்தேன். கை தாளில் நடுங்கியது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

விக்கிமூலத்தில் பக்கத்தின் நிறத்தைக் கவனித்திருப்பீர்கள். மெய்ப்பு பார்க்காதது சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கூடம்தான் நினைவுக்கு வந்தது. படிப்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர். உங்கள் பத்துப் பக்கங்களை மாற்றியவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டாம் ஆள். அவரை விரோதியாக நினைக்காதீர்கள். அவருடைய பேச்சுப் பக்கத்தில் போய் நன்றி சொல்லுங்கள். அச்சுப்பிழை என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தாலும் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அறிஞர்களிடம் விடலாமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காகப் பல நாடுகளில் இருந்தவர்கள் வேலை முடிந்து வந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அந்த மண்ணின் அச்சுப் பிரதிகளைத் தேடித் தேடி இணையத்தில் சேர்க்கும் 'நூலகம்' திட்டத்தை 2005இல் தொடங்கியவர்கள் தன்னார்வலர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடித் தந்த நாட்டுடைமை நூல்களே விக்கிமூலத்தில் 2,000க்கும் மேல் இருக்கின்றன. எத்தனையோ பக்கங்கள் இன்னும் சிவப்பு. அறிஞர்கள் வரட்டும், ரொம்ப சந்தோஷம். அதுவரை நீங்கள் எழுந்து போகக் கூடாது.

கல்வெட்டுப் படங்கள்: கோயிலில் கேட்டுவிட்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். எந்த ஊர், எந்தச் சுவர், எந்தத் திசை, எடுத்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத்துத் தெரிவதற்காகச் சுண்ணாம்போ மாவோ பூசியிருந்தால், தயவுசெய்து இனி செய்யாதீர்கள்.

மீதி முப்பது பக்கங்களில் உங்கள் 'அனுபவம்' இன்னும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போய் 'அநுபவம்' ஆக்குங்கள். முடித்ததும் நூலின் பெயரை எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கங்களை நான் பார்த்துப் பச்சையாக்கித் தருகிறேன்.

அன்புடன்