எட்டு டிரைவுக்கு எத்தனை தடம்? பழைய சர்வர் பாகங்கள் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: காணொளித் தொகுப்புப் பணிக்காக வேகமான ஸ்டோரேஜ் சர்வர் ஒன்றைப் பழைய பாகங்களைக் கொண்டே அமைக்க எண்ணியுள்ளேன். ஒவ்வொன்றும் 3.84 டெராபைட் கொள்ளளவுள்ள எட்டு யூ.2 என்விஎம்இ டிரைவ்கள் (இரண்டரை அங்குல அதிவேக எஸ்எஸ்டிகள்) ஒரே விற்பனையாளரிடம் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்துவதற்காக, இரண்டு இன்டெல் ஜியான் இ5-2600 வி4 பிராசசர்களும் 24 டிரைவ் தட்டுகளும் கொண்ட ரேக் சர்வர் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். விலை மிகவும் மலிவாக இருக்கிறது. தட்டும் டிரைவும் ஒரே அளவு என்பதால் இரண்டையும் வாங்கிவிடலாமா? வீட்டில் இப்போது 10 கிகாபிட் நெட்வொர்க் உள்ளது.

பதில்: டிரைவ்களைப் பரிசீலிக்கலாம். அந்த சர்வரை வாங்க வேண்டாம்.

இரண்டரை அங்குலத் தட்டில் உங்கள் டிரைவ் அழகாக உட்காரும் என்பது உண்மைதான். ஆனால் தட்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்பிளேன் (டிரைவ்கள் செருகப்படும் சுற்றுப்பலகை) எஸ்ஏஎஸ், சாட்டா என்ற பழைய இணைப்பு வகை டிரைவ்களுக்கானதாக இருந்தால், என்விஎம்இ டிரைவுக்கு வேண்டிய பிசிஐஇ இணைப்பு (பிராசசரோடு நேரடியாகப் பேசும் அதிவேக வழி) அங்கே வந்து சேராது. டிரைவ் பொருந்தியிருந்தும் கணினிக்கு அது தென்படாது. விற்பனையாளரின் படத்தைப் பெரிதாக்கி, பேக்பிளேனிலிருந்து எத்தனை கேபிள்கள் கிளம்புகின்றன என்று எண்ணிப் பாருங்கள். 24 தட்டுகளுக்கு இரண்டே கேபிள்கள் புறப்பட்டு ஒரு ரெய்டு கார்டில் (பல டிரைவ்களைத் தொகுத்து நிர்வகிக்கும் அட்டை) போய்ச் சேர்ந்தால், ஒரே இணைப்பைப் பல டிரைவுகளுக்குப் பகிரும் எக்ஸ்பாண்டர் சிப் நடுவில் இருக்கிறது, அது எஸ்ஏஎஸ் பெட்டி என்று பொருள். என்விஎம்இ பேக்பிளேனில் ஒவ்வொரு டிரைவுக்கும் அல்லது இரண்டு டிரைவுகளுக்கு ஒன்று வீதம் தனித்தனிக் கேபிள் வந்து, பின்புறம் கேபிள் கற்றையாகவே தெரியும். அதே மாடலில் என்விஎம்இ பேக்பிளேன் வைத்து வந்த வகையும் இருக்கலாம் என்பதால், மாடல் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். பேக்பிளேனின் பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து தடங்களின் கணக்கு. ஒரு என்விஎம்இ டிரைவுக்குப் பொதுவாக நான்கு பிசிஐஇ தடங்கள் (தரவு செல்லும் தனித்தனிப் பாதைகள்) வேண்டும்; எட்டு டிரைவுகளுக்கு 32. நெட்வொர்க் கார்டுக்கு இன்னும் எட்டு என்று வைத்தால் 40 ஆகிறது. வீட்டுக் கணினியின் பிராசசர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்து நான்கு தடங்களோடு நின்றுவிடுவதால் இந்த வேலைக்கு அவை உதவா. நீங்கள் பார்த்த ஜியான் இ5-2600 வி4 ஒவ்வொன்றிலும் 40 தடங்கள் உண்டு. இரண்டு சேர்ந்தால் 80. கணக்கில் தாராளமாகத் தெரிந்தாலும், பாதி டிரைவ்கள் ஒரு பிராசசரிலும் மீதி மற்றொன்றிலும் தொங்க, நெட்வொர்க் கார்டு ஏதாவது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மறுபக்கத்து டிரைவின் தரவு ஒவ்வொரு முறையும் இரு பிராசசர்களுக்கும் இடையிலான பாலத்தைக் கடந்துதான் வெளியேற வேண்டும். வேலை நடக்கும், ஆனால் மின்சாரத்தையும் வெப்பத்தையும் இரட்டிப்பாகக் கொடுத்து அந்தத் தொல்லையை வாங்கிக்கொள்வானேன்?

என் பரிந்துரை ஒற்றைப் பிராசசர் கொண்ட ஏஎம்டி எபிக் அமைப்பு. 2017-இல் வந்த 7001 வரிசையும் 2019-இல் வந்த 7002 வரிசையும் ஒரே பிராசசரில் 128 தடங்கள் தருகின்றன. முன்னது பிசிஐஇ 3.0, பின்னது அதைவிட வேகமான 4.0. இவற்றை ஏற்கும் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு மதர்போர்டுகள் தனியாகவும் கிடைப்பதால், ஒரு நிறுவனத்தின் பெட்டி, பவர் சப்ளை, ஃபேன் என்று எல்லாவற்றையும் அதே நிறுவனத்திடமே தேட வேண்டிய கட்டாயம் இல்லை. இன்டெல்தான் வேண்டும் என்றால், ஜியான் ஸ்கேலபிள் முதலிரண்டு தலைமுறைகளில் ஒரு பிராசசருக்கு 48 தடங்கள். 2021-இல் வந்த மூன்றாம் தலைமுறையின் ஐஸ் லேக் வகையில் 64.

பழைய எபிக் வாங்குவோர் ஒரு பொறியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சில பெரிய சர்வர் நிறுவனங்கள் தங்கள் போர்டில் பிராசசரை முதன்முதலாக இயக்கும்போதே, ஏஎம்டியின் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் வசதி மூலம் அதைத் தங்கள் நிறுவனத்தோடு நிரந்தரமாகப் பூட்டிவிடுகின்றன. சிப்பினுள் ஃபியூஸ் எரிக்கப்பட்டுவிடுவதால் அந்தப் பூட்டைத் திறக்க வழியே இல்லை. அத்தகைய பிராசசர் வேறு நிறுவனத்தின் போர்டில் உயிர் பெறாது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. "இந்தப் பிராசசர் எந்த நிறுவன சர்வரிலிருந்து கழற்றப்பட்டது, பூட்டப்படாதது என்று எழுதித் தர முடியுமா" என்று கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால், மலிவு விலைக்கான காரணம் அதுவாகவே இருக்கக்கூடும். போர்டும் பிராசசரும் ஒன்றாகப் பொருத்தப்பட்டு, பயாஸ் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருள்) திரையின் படத்தோடு விற்கப்படுவதை வாங்கினால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மதர்போர்டின் ரிவிஷன் எண்ணையும் கேளுங்கள். 7001 காலத்துப் போர்டுகளில் தொடக்க ரிவிஷன்கள் சில, பயாஸ் சிப்பின் கொள்ளளவு போதாமையால் 7002 பிராசசரை ஏற்பதில்லை.

போர்டு கைக்கு வந்ததும் முதலில் சாக்கெட்டைப் பாருங்கள். எபிக் சாக்கெட்டில் 4,094 நுண்ணிய முட்கள் போர்டின் பக்கமே இருக்கின்றன. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்பினால், முட்களின் நுனிகள் வரிசை வரிசையாக ஒரே சீராக மின்னும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் வேறு கோணத்தில் பளிச்சிட்டால் அந்த முள் வளைந்திருக்கிறது. பிராசசரைப் பொருத்தும் முன் இதைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், திருப்பி அனுப்பும்போது "நீங்கள்தான் வளைத்தீர்கள்" என்ற வாதத்துக்கு இடமிருக்காது.

ஆனால் எல்லாக் கோளாறும் விற்றவருடைய குற்றமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நான் வாங்கிய போர்டு ஒன்றில் எட்டு ரேம்களில் இரண்டு தெரியவே இல்லை. விற்றவருக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, பிராசசரைப் பிடித்திருக்கும் மூன்று திருகுகளையும் தளர்த்தி, அவற்றின் அருகே பொறித்திருக்கும் 1, 2, 3 என்ற வரிசைப்படியே, குறிப்பிட்ட முறுக்குவிசை அளவுக்கு மீண்டும் இறுக்கினேன். எட்டும் வந்துவிட்டன. அழுத்தம் சீராக விழாததே காரணம். கடிதம் அனுப்பப்படவில்லை.

இனி நெட்வொர்க். பிசிஐஇ 3.0 டிரைவ் ஒன்றே விநாடிக்கு மூன்று கிகாபைட்டுக்கு மேல் படிக்கவல்லது. உங்கள் 10 கிகாபிட் கம்பி வழியே போகக்கூடியது அதிகபட்சம் 1.25 கிகாபைட். அதாவது எட்டில் ஒரு டிரைவின் முழு வேகத்தைக்கூட உங்களால் வெளியே கொண்டுபோக முடியாது. எனவே பிசிஐஇ 4.0 வேண்டும் என்பதற்காக அதிகம் செலவிடாதீர்கள். 4.0-இல் கேபிளின் நீளமும் தரமும் படுத்தும் பாடு தனிக்கதை, 3.0-இல் ஓடும் கேபிள் 4.0-இல் பிழைகளைக் கொட்டுவது சகஜம். மிச்சமாகும் தொகையை 25 கிகாபிட் கார்டுகளுக்கு ஒதுக்குவது உங்கள் வேலைக்குக் கண்கூடான பலன் தரும்.

கேபிள்களை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். எஸ்ஏஎஸ் கேபிளும் என்விஎம்இ கேபிளும் ஒரே மாதிரி முனையோடு வருவதுண்டு. முனை பொருந்துவதால் கேபிள் பொருந்திவிட்டது என்று எண்ணி ஏமாறுவோர் பலர். பிசிஐஇ பயன்பாட்டுக்கு என்றே குறிப்பிட்டு விற்கப்படும், கூடியவரை நீளம் குறைந்த புதிய கேபிளையே வாங்குங்கள்.

கேள்வி: அதே டிரைவ்களில் ஒன்றின் ஸ்மார்ட் விவரத்தை (டிரைவ் தன் நிலை பற்றித் தானே பதிந்துவைக்கும் குறிப்பு) விற்பனையாளர் படமெடுத்து அனுப்பியுள்ளார். பயன்படுத்திய விழுக்காடு 9 என்றும், எழுதப்பட்ட தரவு அலகுகள் 250 கோடி என்றும், இயங்கிய நேரம் 30,000 மணி என்றும் காட்டுகிறது. மூன்றரை ஆண்டுகள் உழைத்த டிரைவ் வெறும் 9 விழுக்காடுதான் தேய்ந்திருக்குமா?

பதில்: தேய்ந்திருக்கலாம், கணக்குப் போட்டே பார்ப்போம். என்விஎம்இ விவரத்தில் ஒரு தரவு அலகு என்பது 512 பைட் கொண்ட ஆயிரம் தொகுதிகள், அதாவது 5,12,000 பைட். 250 கோடி அலகுகள் என்றால் 1,280 டெராபைட். உங்கள் 3.84 டெராபைட் டிரைவ், நாளொன்றுக்கு ஒருமுறை முழுமையாக எழுதலாம் என்ற தரத்தில் ஐந்தாண்டுகளுக்கு மதிப்பிடப்பட்டிருந்தால், அதன் தாங்குதிறன் சுமார் 7,000 டெராபைட். இந்தக் கணக்கில் 18 விழுக்காடு வருகிறது, டிரைவோ 9 என்கிறது. முரண்பாடு இல்லை. தாங்குதிறன், சிறு சிறு துண்டுகளாகத் தாறுமாறாக எழுதும் கடினமான பயன்பாட்டை வைத்துக் குறிக்கப்படுகிறது. பெரிய கோப்புகளை வரிசையாக எழுதிய டிரைவில் உள்ளுக்குள் நடக்கும் மறுஎழுத்து குறைவு என்பதால் தேய்மானமும் குறைவாகவே இருக்கும். மாறாக, எழுதிய அளவு மிகக் குறைவாகவும் இயங்கிய நேரம் நீண்டதாகவும் இருந்தாலும் பயப்படத் தேவையில்லை. படிப்பதற்கே பயன்பட்ட டிரைவ்கள் அப்படித்தான் இருக்கும்.

விழுக்காட்டைவிட நான் முதலில் பார்ப்பது வேறு இரண்டு வரிகள். மீடியா பிழைகள் (தரவைச் சரியாகப் படிக்க முடியாமல் போன முறைகள்) பூஜ்யமாக இருக்க வேண்டும். மாற்று இருப்பு (பழுதாகும் பகுதிகளுக்கு ஈடாக ஒதுக்கிய இடத்தில் மீதமுள்ள விழுக்காடு) 100 அல்லது அதற்கு மிக அருகில் இருக்க வேண்டும். இவற்றில் குறை தெரிந்தால், விழுக்காடு 2 என்று இருந்தாலும் வேண்டாம். எட்டுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் சீரியல் எண் தெரிய வேண்டும், பெட்டி வந்ததும் அதே எண்கள் லேபிள்களில் இருக்க வேண்டும். ஒன்றின் படத்தைக் காட்டி எட்டை விற்பது பழைய வித்தை.

ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் இயக்கு மென்பொருள்) பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது: ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால், சரியாக 32,768 மணி நேரம் இயங்கியதும் அவை செயலிழந்து, தரவும் மீளாது என்றது. அதாவது மூன்று ஆண்டுகள், 270 நாட்கள், எட்டு மணி நேரம். அவை உங்கள் வகை டிரைவ்கள் அல்ல. ஆயினும் ஒரே நாளில் ஒன்றாக ஓடத் தொடங்கிய எட்டு டிரைவ்களை ஒரே தொகுப்பில் வைப்பதன் ஆபத்து இதிலிருந்து புரியும். முடிந்தால் நான்கை இவரிடமும் நான்கை வேறொருவரிடமும் வாங்கி, ஒவ்வொரு மிரர் இணையிலும் (ஒரே தரவை நகலாக வைத்திருக்கும் இரண்டு டிரைவ்கள்) இருவரின் டிரைவும் ஒவ்வொன்று இருக்குமாறு அமையுங்கள். சர்வர் நிறுவனங்களின் முத்திரையுள்ள டிரைவுகளுக்கு, தயாரிப்பாளரின் பொது ஃபர்ம்வேர் ஏறாமல் போவதும் உண்டு.

கேள்வி: எக்ஸ்16 (16 தடங்கள் கொண்ட) ஸ்லாட்டில் நான்கு எம்.2 டிரைவ்களை (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டிகள்) பொருத்தும் கார்டு ஒன்றை வாங்கினேன். நான்கில் ஒன்று மட்டுமே தெரிகிறது. கார்டு பழுதா?

பதில்: அநேகமாக இல்லை. அந்தக் கார்டில் சிப் எதுவும் கிடையாது. 16 தடங்களையும் நான்கு நான்காக நேரே பிரித்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது. அப்படிப் பிரிக்குமாறு போர்டுக்கு பயாஸில் சொல்ல வேண்டும். பைஃபர்கேஷன் என்ற அமைப்பைத் தேடி, அந்த ஸ்லாட்டுக்கு எக்ஸ்16 என்பதை எக்ஸ்4எக்ஸ்4எக்ஸ்4எக்ஸ்4 என்று மாற்றுங்கள். அந்த அமைப்பே இல்லாத போர்டு என்றால், பிசிஐஇ ஸ்விட்ச் சிப் கொண்ட கார்டுதான் வழி. அது விலையும் வெப்பமும் கூடியது. திருப்பி அனுப்பும் முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: "சர்வரிலிருந்து கழற்றியது, இயங்கும்" என்று விளம்பரம் சொல்கிறது. திருப்பித் தர 14 நாட்கள் அவகாசம். அதற்குள் என்னென்ன சோதிக்க வேண்டும்?

பதில்: அவகாசம் ஓடத் தொடங்குவது பொருள் வந்த நாளிலிருந்து, நீங்கள் மற்றப் பாகங்களைத் தேடிக்கொண்டிருப்பது விற்பனையாளருக்குத் தெரியாது. ஆகவே டிரைவ்களைக் கடைசியாக வாங்குங்கள். போர்டும் கேபிளும் ஃபேனும் தயாராக இருக்கும்போது டிரைவ் வந்தால், முதல் நாளே சோதனை தொடங்கலாம்.

ஒவ்வொரு டிரைவின் இணைப்பும் நான்கு தடங்களில், உரிய வேகத்தில் அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தடங்களில் ஓடும் டிரைவ் எந்தப் புகாரும் சொல்லாமல் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதி, படித்து ஒப்பிட்டு, அந்நேரம் இயங்குதளத்தின் கர்னல் பதிவில், தானாகத் திருத்தப்பட்ட பிசிஐஇ பிழைகள் குவிகின்றனவா என்று கவனியுங்கள். குவிந்தால் டிரைவைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிழை கேபிளோடு நகர்ந்தால் கேபிள், டிரைவோடு நகர்ந்தால் டிரைவ். வெப்பத்தையும் அப்போதே பாருங்கள். முழு வேலையில் ஒரு யூ.2 டிரைவ் 25 வாட் வரை எடுக்கக்கூடும், எட்டுக்கு 200 வாட். ரேக் சர்வரின் சீறும் ஃபேன்களை நம்பி வடிவமைக்கப்பட்ட இவை, அமைதியான வீட்டுப் பெட்டியில் காற்றோட்டம் இல்லாமல் வைத்தால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பழைய உரிமையாளர் கடவுச்சொல்லால் பூட்டிய டிரைவ் வந்து சேர்ந்தால், ஓபல் (டிரைவே தன் தரவைக் குறியாக்கிப் பூட்டும் தரநிலை) வகைப் பூட்டுகளை லேபிளில் அச்சிட்டிருக்கும் 32 எழுத்துப் பிஎஸ்ஐடி குறியீட்டைக் கொண்டு நீக்கலாம். பழைய தரவு போய்விடும், டிரைவ் உங்களுக்குப் பயன்படும். லேபிள் கிழிந்த டிரைவை வாங்காதீர்கள்.

"சோதிக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தால், சோதித்துப் பார்த்துத் தேறாதது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.