திரையில் சேர்ந்த பலகை பட்டறையில் ஏன் சேரவில்லை?

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): பத்து ஆண்டுகள் கையால் அலமாரி செய்துவந்த நான், சென்ற ஆண்டுதான் கணினி மென்பொருளுக்கு மாறினேன். 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு வாட்ரோப் வரைந்து, பக்கப் பலகைகளில் 8 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீள்பள்ளம்) எடுத்து அடித்தட்டைச் செருகும்படி அமைத்தேன். முதல் பெட்டியில் தட்டு காடிக்குள் லொடலொடவென்று ஆடியது. அதே வரைபடத்தை வைத்து, இரு முகமும் லேமினேட் ஒட்டிய பலகையில் இரண்டாவது பெட்டி செய்தபோது தட்டு நுழையவே இல்லை. மென்பொருளில் என்ன கோளாறு?

பதில்: இரண்டு பெட்டிகளிலும் நேர்ந்த பிழை ஒன்றுதான். 18 மி.மீ. என்பது கடையில் பலகைக்குச் சொல்லும் பெயர். உண்மையான கனம் பெரும்பாலும் அதுவாக இருப்பதில்லை. பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 303 இந்தியத் தரநிலையே, 6 மி.மீ.யும் அதற்கு மேற்பட்டதுமான பலகைகளின் கனத்தில் ஐந்து விழுக்காடு கூடுவதையும் குறைவதையும் ஏற்றுக்கொள்கிறது. எனவே 17.1 முதல் 18.9 மி.மீ. வரை எந்தக் கனத்தில் வந்தாலும் அது தரமான பலகையே. 17.3 மி.மீ. பலகை 18 மி.மீ. காடியில் 0.7 மி.மீ. ஆடும். அதே பலகையின் இரு முகங்களிலும் 1 மி.மீ. லேமினேட் ஒட்டினால் பசையைக் கணக்கில் சேர்க்காமலேயே 19.3 மி.மீ. ஆகிவிடும், பிறகு எந்தச் சுத்தியலாலும் அதை உள்ளே இறக்க முடியாது.

கையால் வேலை செய்த காலத்தில் இது உங்களுக்குத் தெரியாமலே சரியாகிவந்தது. தட்டையே பக்கப் பலகையின் மேல் நிறுத்தி இருபுறமும் கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்குத்தானே உளியை வைத்தீர்கள்! மென்பொருள் நீங்கள் கொடுத்த எண்ணை மட்டுமே கொண்டு காடியை வரைகிறது. ஆகையால் ஒவ்வொரு முறை சரக்கு வந்து இறங்கும்போதும் இரண்டு மூன்று பலகைகளை எடுத்து, நான்கு மூலைகளிலும் ஓரங்களின் நடுவிலும் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து, மென்பொருளின் பொருள் பட்டியலில் அந்தக் கனத்தைப் பதியுங்கள். லேமினேட் ஒட்டிய பலகையைத் தனிப் பொருளாகவே பதிவு செய்வது நல்லது. காடியின் அகலத்தை எண்ணாகத் தட்டச்சு செய்யாமல், ‘பலகையின் கனம் கூட்டல் 0.2’ என்று சூத்திரமாக எழுதிவிட்டால், கனத்தை மாற்றும்போது காடியும் உடன் மாறும்.

இதையெல்லாம் செய்த பிறகும் காடி இறுக்கமாக இருந்தால், இயந்திரத்தில் சுழன்று காடி குடையும் ரவுட்டர் பிட்டை அளந்து பாருங்கள். தீட்டித் தீட்டி 5.8 மி.மீ. ஆகிவிட்ட பிட்டை, இயந்திரத்தில் இன்னும் 6 மி.மீ. என்றே குறித்து வைத்திருந்தால், பல ஓட்டங்களில் எடுக்கும் காடி 0.2 மி.மீ. குறுகிவிடும். முழுப் பலகையை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு துண்டுப் பலகையில் ஒரு சாண் நீளத்துக்குக் காடி எடுத்து, அதே சரக்கின் இன்னொரு துண்டைச் செருகிப் பார்க்கும் வழக்கத்தை என் பட்டறையில் ஒருநாளும் விட்டதில்லை.

கேள்வி (மதுரை வாசகர்): 1000 மி.மீ. அகலமுள்ள பெட்டி, நடுவில் ஒரு தடுப்பு, இருபுறமும் ஒரே உயரத்தில் நிலையான தட்டுகள். பலகையின் கனத்தை 18 மி.மீ.யிலிருந்து 17.3 ஆக மாற்றியதும் தட்டுகளின் டவல் (இணைக்கும் மரமுளை) துளைகள் எல்லாம் வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டன. மாற்றுவதற்கு முன் வெட்டிய பெட்டியிலோ, நடுத் தடுப்பின் துளைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரிகின்றன.

பதில்: மறைந்த துளைகளை முதலில் பார்ப்போம். ஒரு பலகையின் விளிம்பு இன்னொன்றின் முகத்தைத் தொடும் இடத்தில்தான் இத்தகைய மென்பொருள் இணைப்பை இடுகிறது. 1000 மி.மீ.யில் மூன்று நிற்கும் பலகைகளுக்கு 54 போக 946. ஒவ்வொரு தட்டுக்கும் 473. இந்த 473-ஐ நீங்கள் கையால் தட்டச்சு செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கனம் 17.3 ஆனதும் ஒவ்வொரு அறையின் உள் அகலமும் 474.05 ஆகிவிட்டது, தட்டோ 473-லேயே நிற்கிறது. மீதமுள்ள 1.05 மி.மீ. இடைவெளி முழுப்படத்தில் கண்ணுக்குத் தெரியாது. தட்டின் முனையைத் திரை நிறையும் அளவுக்குப் பெரிதாக்கினால் மயிரிழைபோல ஒரு வெளிச்சக் கோடு தெரியும். அந்த நீளத்தை அழித்துவிட்டு, அறையின் உள் அகலத்திலிருந்து கணக்கிடும் சூத்திரத்தை வையுங்கள். துளைகள் திரும்பி வரும். அப்படியும் வராவிட்டால், அந்தத் தட்டு நகர்த்தக்கூடிய தட்டு என்ற வகையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எளிதாகச் செருகி எடுப்பதற்காக அவ்வகைத் தட்டின் நீளத்தில் மென்பொருளே சிறிது கழித்துவிடும். நிலையான இணைப்பையும் இடாது.

துளைகள் ஊடுருவியதற்குக் காரணம் வேறு. 8 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. நீளமும் உள்ள டவலுக்குப் பலகையின் முகத்தில் வழக்கமாக 12 மி.மீ. ஆழம் துளைப்போம். ஒரே உயரத்தில் இருபுறமும் துளைத்தால் 24 மி.மீ.; பலகையோ 18 மி.மீ.தான். ஒவ்வொரு துளையும் தன்னளவில் சரியாக இருப்பதால் பல மென்பொருள்கள் எச்சரிப்பதில்லை. தட்டின் ஆழவாக்கில், ஒருபுறத்துத் துளைகளை மட்டும் 32 மி.மீ. தள்ளிவையுங்கள். மினிஃபிக்ஸ் (திருகி இறுக்கும் உலோக இணைப்பான்) பயன்படுத்துகிறவர்களுக்கு, தடுப்பின் ஊடாகச் சென்று இரு தட்டுகளையும் ஒருசேரப் பிடிக்கும் இருமுனை போல்ட் கிடைக்கிறது. துளையின் ஆழத்தைக் குறைத்துச் சமாளிப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆழம் குறைந்தால் டவலுக்குப் பிடிப்பு குறையும். துணி மடித்து அடுக்கும் தட்டில் அது ஆபத்து.

கேள்வி (திருச்சி வாசகர்): முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. தூரத்தில் வரவேண்டிய தட்டுத் தாங்கித் துளைகள் 39 மி.மீ.யில் வருகின்றன. ஏன்?

பதில்: நீங்கள் 2 மி.மீ. எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டுகிறீர்கள் என்று கொள்கிறேன். அதற்காக மென்பொருள் பலகையை 2 மி.மீ. குறைத்து வெட்டுகிறது, 37 மி.மீ. தூரத்தையோ வெட்டிய விளிம்பிலிருந்தே அளக்கிறது. பேண்ட் ஒட்டியதும் அது 39 ஆகிவிடுகிறது. துளையின் தூரத்தை, பேண்ட் ஒட்டி முடித்த பலகையின் விளிம்பிலிருந்து கணக்கிடும் தேர்வு இயந்திரக் கோப்பை ஏற்றுமதி செய்யும் அமைப்பில் இருக்கும், அதை மாற்றுங்கள். எட்ஜ் பேண்டிங் இயந்திரம் ஒட்டுவதற்கு முன் விளிம்பைச் சீவுகிற வகையாக இருந்தால், சீவும் அளவையும் தனியாகப் பதிய வேண்டும்.