பானெட்டில் பூச்சிக் கறை, பெயின்ட்டுக்குப் பாதுகாப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பி விடியற்காலை மதுரை போய்ச் சேர்ந்தோம் சார். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் தூறல், அப்புறம் ஒரே ஈசல். பானெட், பம்பர், நம்பர் பிளேட் எல்லாவற்றிலும் அப்பிக் காய்ந்து கிடக்கிறது. பாத்திரம் தேய்க்கிற நார் போட்டால் வந்துவிடும் என்கிறான் தம்பி. கார் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது, பயமாக இருக்கிறது. — வாசகர், தாம்பரம்

பயப்படுவது சரிதான், அந்த நாரைக் காருக்குப் பக்கத்திலேயே கொண்டுவர விடாதீர்கள். பூச்சியைத் தேய்த்து எடுக்கக் கூடாது, ஊறவைத்து எடுக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் சின்னச் சின்ன விவரங்கள்.

காரை நிழலில் நிறுத்தி, பானெட்டைத் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆற விடுங்கள். முதலில் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி மண்ணையும் தூசியையும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் துடைக்கும்போது அந்த மண்ணே உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அப்புறம் ஒரு பெரிய பழைய டர்க்கி டவலைக் கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்து, பிழியாமல் சொட்டச் சொட்ட அப்படியே பானெட் மேல் விரித்து, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பம்பரில் துணி நிற்காது, அங்கே கையால் பிடித்து ஒற்றி ஒற்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கழித்து டவலை எடுத்தாலே பாதி அதோடு வந்துவிடும், மீதியை மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் வழித்தெடுங்கள். வராத இடத்தில் பலம் காட்ட வேண்டாம், இன்னொரு முறை ஊறவையுங்கள். ஈசலின் உடம்பில் கொழுப்பு அதிகம், இறகு வேறு தனியாக ஒட்டிக்கொள்ளும், அதனால் மூன்றாவது முறைகூட ஊறவைக்க நேரலாம். கடையில் விற்கும் பூச்சிக்கறை நீக்கி ஸ்ப்ரே இருந்தால் தாராளமாக அடிக்கலாம், ஆனால் அது பெயின்ட் மேல் காய்ந்துவிடக் கூடாது, டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் கழுவிவிட வேண்டும்.

இன்னொன்று. அடுத்த முறை ராத்திரிப் பயணம் போகும்போது டிக்கியில் இரண்டு லிட்டர் தண்ணீரும் இரண்டு துணியும் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஈரத் துணியைப் பானெட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் கையாலேயே வந்துவிடும் நிலையில் இருக்கும்.

கேள்வி: பூச்சி தானே, ஞாயிற்றுக்கிழமை வாட்டர் வாஷ் விடும்போது போய்விடாதா? இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று என் கணவர் கேட்கிறார். — வாசகி, பெரம்பலூர்

ஞாயிறு வரை விட்டால் பூச்சி போய்விடும், தடம் போகாது. அதுதான் பிரச்சினை.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஓர் அடுக்கு இருக்கிறது. பளபளப்பு முழுக்க அதில்தான். அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான்தான் இருக்கும், நம் தலைமுடியைவிட மெல்லியது. பூச்சியின் உடம்புச் சாற்றில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. அது அழுக ஆரம்பித்ததும் அமிலத்தன்மை ஏறுகிறது, வெயிலில் நிற்கும் பானெட்டின் சூட்டில் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. கூடவே, காய்ந்து சுருங்கும்போது கிளியர் கோட்டையும் இழுக்கிறது. நிறம் கறுப்போ கருநீலமோ என்றால் சூடு அதிகம், ஆபத்தும் அதிகம்.

இதை நன்றாகப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாக்காரர்கள். அங்கே 'லவ் பக்' என்று ஒரு சின்னக் கறுப்புப் பூச்சி, வசந்தத்தில் ஒருமுறையும் கோடை முடிவில் ஒருமுறையும் நெடுஞ்சாலைகளில் மேகம் மாதிரி கிளம்பும். இணை சேர்ந்தபடியே பறப்பதால் அந்தப் பெயர். நசுங்கிய புதிதில் அதன் பிஎச் அளவு, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 6.5, கிட்டத்தட்ட நடுநிலை. ஒரு நாள் அப்படியே விட்டால் 4.25 வரை இறங்கிவிடும். பிஎச் கணக்கில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறியது என்று பொருள், இங்கே இரண்டு எண்ணுக்கும் மேல் இறங்குகிறது. நம் ஊர் ஈசலும் தத்துப்பூச்சியும் வேறு இனம், அதே எண்கள் வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அழுகுவதும் அரிப்பதும் அதே வழியில்தான். பறவை எச்சத்துக்கும் இந்த அவசரம் பொருந்தும், அதில் யூரிக் அமிலமே இருக்கிறது.

அதனால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் மறுநாள் காலைக்குள்.

கேள்வி: மண்ணெண்ணெய், டூத்பேஸ்ட், கோலா, சமையல் சோடா, இதில் எது நல்லது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். — வாசகர், திண்டுக்கல்

நான்கும் வேண்டாம். மண்ணெண்ணெய், பெயின்ட் மேல் பாதுகாப்புக்குத் தடவும் வேக்ஸைக் (மெழுகுப் பூச்சு) கரைத்துவிடும், கண்ணாடி, கதவு ஓரங்களில் இருக்கும் ரப்பர் பீடிங்கையும் கெடுக்கும். டூத்பேஸ்ட்டில் பல்லைத் தேய்ப்பதற்கான நுண்துகள் இருக்கிறது, அது கிளியர் கோட்டையும் தேய்க்கும். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, அமிலக் கறையை எடுக்க இன்னொரு அமிலத்தை ஊற்றுவானேன்? சமையல் சோடா முழுதாகக் கரையாமல் இருந்தால் அதுவும் பொடிதான், கீறும். பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கேட்பவர்கள் உண்டு. கறை போகும், ஆனால் மேலே இருக்கும் வேக்ஸும் சேர்ந்து போகும், அதனால் அவசரத்துக்கு ஒருமுறை சரி, வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்ப்ரே பூச்சிக்கும் தாருக்கும் வேலை செய்யும், துணியில் அடித்து ஒற்றி எடுத்துவிட்டு உடனே ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட வேண்டும்.

இதோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுக்குமாடிகளில் காலையில் ஒரே வாளி, ஒரே துணியை வைத்துக்கொண்டு வரிசையாகப் பத்துக் கார் துடைக்கிறார்களே, பெயின்ட்டுக்குப் பெரிய சேதம் அதில்தான் வருகிறது. துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு அந்தத் தண்ணீரும் துணியும்தான் கொடுக்கப்படுகிறது. உங்கள் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்துவிடுங்கள், உலர்ந்த துணியால் தூசி தட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தண்ணீர் ஊற்றாமல் துணி படவே கூடாது.

கேள்வி: கறையை எடுத்துவிட்டேன், ஆனால் வெயிலில் பார்த்தால் பூச்சி இருந்த இடத்தில் வட்டமாக மங்கல் தெரிகிறது. விரலால் தடவினால் லேசாகப் பள்ளம் போல. என்ன செய்யலாம்? — வாசகர், கோவில்பட்டி

அரித்துவிட்டது. இனி எந்த ஷாம்புவும் எடுக்காது. தடம் கிளியர் கோட்டின் மேல்பகுதியில் மட்டும் இருந்தால் நல்ல பாலிஷ் போட்டால் மறையும். ஆனால் பாலிஷ் என்பது சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்குத் தேய்த்துக் கொண்டுவருவதுதான், மேலே எதையும் நிரப்புவதில்லை. ஆகவே வருடா வருடம் மெஷின் வைத்துக் காம்பவுண்ட் (சொரசொரப்பான பாலிஷ் பசை) போட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் அடுக்கே இருக்காது. தடம் உள்ள இடத்தில் மட்டும், கையால், மென்மையான பாலிஷில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நகம் தட்டுகிற ஆழம் என்றால் அப்படியே விட்டுவிடுவதுதான் என் யோசனை. தூரத்திலிருந்து தெரியாத ஒரு வட்டத்துக்காக முழு பானெட்டின் ஆயுளைக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் பூச்சியே ஒட்டாது என்று சொல்லி ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள். பிபிஎஃப் என்ற பெயின்ட் பாதுகாப்புப் படலம் இன்னும் அதிகம். வேக்ஸ் போதுமா? — வாசகர், ஓசூர்

பூச்சியே ஒட்டாது என்று சொன்னால் நம்பாதீர்கள். செராமிக் கோட்டிங் என்பது பெயின்ட் மேல் தடவி இறுக விடும் ஒரு திரவப் பூச்சு. அதைப் போட்டாலும் பூச்சி ஒட்டும், ஆனால் சுலபமாக வரும். வித்தியாசம் அவ்வளவுதான், அது நல்ல வித்தியாசம்தான். ஆனால் ஒரு வாரம் வெயிலில் விட்டால் செராமிக் மேலும் தடம் விழும். கல் தெறிப்பைத் தடுக்காது. விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோலில் உள்ள எண், சாவி கீறலைத் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

பிபிஎஃப் வேறு வகை. அது பெயின்ட் மேல் ஒட்டும் பாலியூரித்தேன் படலம், தடிமன் 150 முதல் 200 மைக்ரான் வரை, அதாவது கிளியர் கோட்டைப் போல மூன்று நான்கு மடங்கு. கல் தெறிப்பையும் பூச்சி அமிலத்தையும் அது தன்மேல் வாங்கிக்கொள்ளும். நல்ல ரகங்களில் மெல்லிய கீறல் வெயில் சூட்டிலேயே மறையும். முழு காருக்கும் ஒட்டத் தேவையில்லை. மாதத்தில் பல முறை நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் என்றால் பானெட், முன் பம்பர், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, இவற்றுக்கு மட்டும் ஒட்டினால் போதும், பூச்சி அடிப்பது அங்கேதான்.

ஊருக்குள்ளேயே ஓட்டி, தீபாவளி பொங்கலுக்கு மட்டும் ஊருக்குப் போகிறவருக்கு நான் சொல்வது வேக்ஸ்தான். பயணத்துக்கு முந்தைய நாள், கழுவித் துடைத்த ஆறிய காரில் மெல்லிசாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்தெடுங்கள். முன்பக்கத்துக்கு மட்டும் என்றால் அரை மணி நேர வேலை. கார்னோபா என்ற தாவர மெழுகில் செய்த வேக்ஸ் நம் வெயிலில் ஓரிரு மாதம் நிற்கும், வேக்ஸுக்குப் பதிலாகத் தடவும் செயற்கை சீலன்ட் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் வேக்ஸ் இருக்கிறது, தகடாகப் பரவி நின்றால் போய்விட்டது.

பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் காருக்கு இந்த வேக்ஸ் யோசனை பொருந்தாது, சாதாரண வேக்ஸ் போட்டால் திட்டுத் திட்டாகப் பளபளக்கும்.

கேள்வி: கிரில்லில் கொசுவலை கட்டி ஓட்டலாமா? — வாசகர், மன்னார்குடி

கொசுவலை வேண்டாம். கண் ரொம்பச் சின்னது, காற்று குறையும், அதிலேயே பூச்சி அப்பினால் முற்றாக அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஏசி குளிராது, மேட்டில் ஏறும்போது எஞ்சின் சூடேறும். பெரிய கண் உள்ள கம்பி வலை என்றால் சரி, அதையும் அடிக்கடி எடுத்துக் கழுவ வேண்டும். உங்கள் பக்கம் வயலில் நெற்பயிர் நிற்கும் மாதங்களில் தத்துப்பூச்சி வெளிச்சத்துக்கு வந்து குவியும் என்பதால், கிரில்லுக்குள் டார்ச் அடித்து, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் தகடுகளைப் பாருங்கள். அடைத்திருந்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவலாம். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன்னைக் கிட்ட வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

கேள்வி: என் போர் தண்ணீர் சரியான உப்பு. கழுவினால் வெள்ளைப் புள்ளி விழுகிறது. பூச்சியே தேவலாம் போலிருக்கிறது. — வாசகி, ராமநாதபுரம்

கழுவுவதற்குப் போர் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், பாதகமில்லை, ஆனால் காய விடாதீர்கள். ஒவ்வொரு பகுதியாகக் கழுவி உடனே துடைக்க வேண்டும், காலை ஆறரைக்குள் முடித்துவிட்டால் நல்லது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் அல்லது சேமித்த மழைத் தண்ணீர் கிடைத்தால் புள்ளி விழாது.

கேள்வி: ராத்திரி கண்ணாடியில் பூச்சி அடித்ததும் வைப்பர் போட்டேன், வெள்ளையாகத் தீட்டிவிட்டது. எதிர் வண்டி வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை. — வாசகர், நாமக்கல்

உலர்ந்த கண்ணாடியில் வைப்பர் போட்டால் அப்படித்தான், கொழுப்பைப் பரப்பிவிடும். வாஷர் டேங்க்கில் வெறும் தண்ணீருக்குப் பதில் கண்ணாடிக்கான வாஷர் திரவம் கலந்து வையுங்கள். முதலில் நிறையத் தண்ணீர் அடித்து, சில நொடி விட்டு, அப்புறம் வைப்பர். அப்போதும் தெளியாவிட்டால் ஓட்டாதீர்கள், அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி இறங்கித் துடையுங்கள், ஹெட்லைட்டையும் சேர்த்து. ஹெட்லைட் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அதில் பெட்ரோலும் தின்னரும் படவே கூடாது, மங்கிவிடும்.

கேள்வி: முன்பெல்லாம் திருச்சி போய் வந்தால் கண்ணாடியே தெரியாது. இப்போது அவ்வளவு பூச்சி இல்லையே, எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா? — வாசகர், புதுக்கோட்டை

உங்களுக்கு மட்டும் இல்லை, பல நாடுகளில் ஓட்டுநர்கள் இதையேதான் சொல்கிறார்கள். பிரிட்டனில் இதை அளந்தே பார்த்தார்கள். நம்பர் பிளேட்டில் அடிபட்ட பூச்சித் தடங்களைப் பொதுமக்களே எண்ணிச் சொன்ன கணக்கில், 2004-க்கும் 2021-க்கும் இடையே 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான சரிவு. ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு சொன்னது. கார் கழுவும் வேலை குறைந்தது என்று என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. தட்டானும் தேனீயும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. முடிந்தால் ஈசல் கிளம்பும் மழை மாலைகளில் வேகத்தைக் குறையுங்கள், அவற்றுக்கும் நல்லது, உங்கள் பெயின்ட்டுக்கும் நல்லது.

கேள்வி: பம்பர் உரசிப் புதிதாகப் பெயின்ட் அடித்து ஒரு வாரம் ஆகிறது. வேக்ஸ் போடலாமா? — வாசகி, ஈரோடு

இப்போது வேண்டாம். புதுப் பெயின்ட்டுக்குள் இருக்கும் கரைப்பான் முழுக்க வெளியேற வேண்டும், குறைந்தது ஒரு மாதமாவது விடுங்கள், அடித்த பெயின்ட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பூச்சி பட்டால் வெறும் தண்ணீரும் ஈரத் துணியும் போதும், பிரஷர் கன் மட்டும் கூடாது.