ஹாம்ப்டன் கோர்ட் அடுப்படி: கேள்வி பதில்

கேள்வி: லண்டன் போகிறோம். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் உள்ள, பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் சமையற்கட்டுக்குத் தனி டிக்கெட்டா?

பதில்: இல்லை, அரண்மனை டிக்கெட்டிலேயே அடக்கம். லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறுங்கள். சமைத்துக் காட்டுவது எல்லா நாளும் இருக்காது. தேதி பார்த்துப் போங்கள்.

கேள்வி: இறைச்சியைத் தணலுக்கு மேலே வாட்டினார்களா?

பதில்: மேலே அல்ல, தீக்கு முன்னால். கம்பியில் கோத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். கொழுப்பு கீழே தட்டில் சொட்டும். சுமார் 600 பேருக்கு இரண்டு வேளை சாப்பாடு, யோசித்துப் பாருங்கள். வீட்டுத் தோட்டத்தில் முயல்பவர்கள் பருத்தி உடுத்துங்கள். நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

கேள்வி: கெட்ட இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தானே மிளகு போட்டார்கள்?

பதில்: இந்தக் கதைக்குச் சாவே இல்லை! மிளகு மலபாரிலிருந்து அலெக்சாந்திரியா, வெனிஸ் வழியாக, கைக்குக் கை விலை ஏறி வந்த சரக்கு. அதை வாங்க முடிந்தவருக்கு நல்ல இறைச்சி வாங்க முடியாதா? மிளகோடு திப்பிலி, வால்மிளகு, நிறத்துக்குச் செஞ்சந்தனம் எல்லாம் போட்டார்கள். ருசிக்கும் பகட்டுக்கும்தான். தவிர, எந்த மசாலாவும் கெட்டதை நல்லதாக்காது, வயிறு காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: பணக்காரர் சரி. கடைக்காரன் ஏமாற்றியிருக்கலாமே?

பதில்: ஏமாற்றினான், அகப்பட்டும் கொண்டான். இடைக்கால லண்டனில் அப்படிப்பட்டவனைக் கழுத்துக் கட்டையில் மாட்டி நிறுத்தி, அழுகிய இறைச்சியை அவனுக்குக் கீழேயே கொளுத்தினார்கள். ஆனால் விலை உயர்ந்த மிளகை அள்ளிப்போட்டு மலிவான இறைச்சியை விற்றால் அவனுக்கு என்ன மிச்சம்?

கேள்வி: வீட்டில் செய்ய எளிதான பண்டம்?

பதில்: இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் எழுதிவைத்த வெள்ளைப் பண்டம். ஊறவைத்துத் தோலுரித்த பாதாமை அரைத்து, வெந்நீர் ஊற்றிப் பிழியுங்கள். அந்தப் பாலில் அரிசியைக் குழைய வேகவைத்து, வெந்த கோழியை நாராகக் கிழித்துச் சேர்த்து, சர்க்கரையும் உப்பும் போடுங்கள். மேலே வறுத்த பாதாம். ஆம், கோழியும் சர்க்கரையும்தான். முகம் சுளிக்காமல் ஒரு வாய் சாப்பிடுங்கள். அரிசி அங்கே இறக்குமதிச் சரக்கு, அதனால் விருந்துப் பண்டம்.

கேள்வி: தக்காளி, பச்சை மிளகாய் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், 1390 என்று சொல்லாதீர்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, அப்போது ஐரோப்பாவுக்கு வந்திருக்கவில்லை.

கேள்வி: விறகடுப்பில் செய்தால்?

பதில்: நன்றாக வரும். பருத்தி உடுத்த மறக்காதீர்கள்.

கேள்வி: இறைச்சி கெட்டதால்தான் மசாலா என்று பள்ளியில் படித்தேனே?

பதில்: மேலே உள்ள மிளகுக் கேள்வியின் பதிலைப் படியுங்கள்.