பெட்டி திரும்பிய படங்கள்: பழைய ரெப் ஒருவரிடம் கேள்வி பதில்

1986 முதல் 2013 வரை கோவை ஏரியாவில் விநியோகஸ்தர்களிடம் ரெப்பாக, அதாவது அவர்களுடைய பிரதிநிதியாக இருந்தேன். சினிமா வியாபாரத்தில் கோவை ஏரியா என்றால் கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி எல்லாம் அடக்கம். பிலிம் பெட்டியோடு பஸ் ஏறி, படம் ஓடும் ஊரில் தங்கி, ஒவ்வொரு காட்சிக்கும் டிக்கெட் எண்ணி, டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் கணக்கில் கையெழுத்துப் போடுவதுதான் ரெப் வேலை. தியேட்டர்காரர் நூறு டிக்கெட் விற்று எழுபது என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தினம் நான்கு காட்சி, வாரத்துக்கு 28 தடவை ஒரே படம். அதனால் மட்டமான படங்களைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். கேளுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி: நீங்கள் பார்த்ததிலேயே மகா மட்டமான படம் எதுங்கண்ணா?

பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது தம்பி. தோட்டத்தை விற்றுப் படம் எடுத்து, தானே கதாநாயகனாக நடித்த ஒருவருடைய படம். தொண்ணூறுகளின் நடுவில், அமராவதி ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு வாரத்துக்குப் போட்டார்கள். மதியக் காட்சிக்கு 11 பேர். அன்றைக்கு ஆபரேட்டர் ஏழாவது, எட்டாவது ரீல்களுக்கு முன்னால் ஒன்பதாவது ரீலை ஏற்றிவிட்டார். செத்துப்போன தங்கச்சி அடுத்த சீனில் கோலம் போடுகிறாள். பார்த்த 11 பேரில் ஒருத்தர்கூட சத்தம் போடவில்லை. நானும் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஆபரேட்டரே வந்து சொன்ன பிறகுதான் தெரியும். மாலை முதல் காட்சியைச் சரியான வரிசையில் ஓட்டினோம். மதியம் ஓடியதே தேவலை என்று தோன்றியது.

ஆனால் அந்தப் படம் யாரையும் ஏமாற்றவில்லை. யாரும் எதையும் எதிர்பார்த்து வரவில்லை. வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்கள் பாதிப் பேர். ஏமாற்றுகிற படம் என்றால் அதற்கு முன்னால் ஒரு ஆசை காட்டியிருக்க வேண்டும்.

கோபிச்செட்டிபாளையம்: 'பாபா'வுக்கு எங்கள் அப்பா அதிகாலையிலேயே வரிசையில் நின்றாராம். அந்த ஏமாற்றம்தான் பெரியதா?

உங்கள் அப்பா ஏமாந்தது டிக்கெட் காசு. ஏரியா வாங்கியவர், அதாவது இந்தப் பகுதிக்குப் படத்தின் உரிமையை வாங்கிய விநியோகஸ்தர், ஏமாந்ததைக் கேளுங்கள்.

ஈரோட்டில் மஞ்சள் ஏலம் பார்த்திருப்பீர்கள். விரலியா கிழங்கா என்று பார்த்து, ஒன்றை எடுத்து உடைத்து, உள்நிறம் பார்த்துத்தான் வியாபாரி விலை கேட்பார். சினிமாவில் அது கிடையாது. பெரிய நடிகர் படம் என்றால் பூஜை போட்ட அன்றே ஏரியா விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். கண்ணால் பார்க்காத சரக்குக்குக் கோடியில் விலை. விநியோகஸ்தர் கொடுத்த பணத்தைத் தியேட்டர்களிடம் எம்.ஜி.யாக வசூலிப்பார். அதாவது மினிமம் கேரண்டி. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. தியேட்டர்காரர் கையில் அவ்வளவு இருக்காது. கேன்டீன் குத்தகைக்காரரிடமும் சைக்கிள் ஸ்டாண்டு எடுத்தவரிடமும் முன்பணம் வாங்குவார், மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்குவார். ஆக ஒரு படம் விழுந்தால், சைக்கிளுக்கு டோக்கன் கொடுக்கிற ஆள் வரைக்கும் அடி விழும்.

'படையப்பா' 1999-இல் வந்தது. அதற்கப்புறம் மூன்று வருடம் ரஜினி படமே இல்லை. 2002 ஆகஸ்ட் 15-இல் 'பாபா' வந்தபோது விலையில் அந்த மூன்று வருடப் பசியும் சேர்ந்திருந்தது. சுமாராக ஓடினால்கூடப் போதாது என்கிற விலை. நஷ்டப்பட்டவர்களுக்கு ரஜினி பணம் திருப்பிக் கொடுத்தார். அது பெரிய மனசுதான். ஆனால் அதற்குப் பிறகு, படம் போனால் நடிகர் திருப்பித் தருவார் என்ற நினைப்பில் இன்னும் கூடுதல் விலை கொடுக்கத் தொடங்கினார்கள். 2014-இல் வந்த 'லிங்கா'வுக்கு நஷ்டஈடு கேட்டு விநியோகஸ்தர்கள் போராட்டம் வரை போனது அந்த நினைப்பின் தொடர்ச்சி என்பது என் கணிப்பு.

பொள்ளாச்சி: 'குசேலன்' அவ்வளவு மோசமா? எனக்குப் பிடித்திருந்ததே.

மோசமில்லை. மூலப்படமான மலையாள 'கத பறயும்போள்' 2007-இல் வந்தது. முடிதிருத்துபவர் ஒருவரின் கதை, நடிகர் கடைசியில் வந்து கலங்க வைப்பார். தமிழில் 2008-இல் எடுத்தபோது, பசுபதி நடித்த முடிதிருத்துபவர்தான் கதையின் நாயகன். போஸ்டரில் பெரிதாக இருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரியாணி என்று பலகை வைத்துவிட்டு நல்ல தயிர்சாதம் போட்டால், தயிர்சாதத்தைத்தான் திட்டுவார்கள். உங்கள் ஊரில் பாதிப் பேர் பாலக்காட்டுப் பக்கம் போய் மூலத்தை முன்கூட்டியே பார்த்திருந்தார்கள், அது வேறு.

கோவை, சிங்காநல்லூர்: படம் தேறாது என்று எப்போது தெரியும்?

கேன்டீனைப் பார்த்தால் தெரியும். படம் மோசமானால் போண்டா விற்பனை கூடும், குறையாது. நல்ல படத்தில் இடைவேளை மணி அடித்ததும் பாதி டீயை வைத்துவிட்டு உள்ளே ஓடுவார்கள். மோசமான படத்தில் மணி அடித்த பிறகும் இன்னொரு டீ சொல்வார்கள். பாட்டு வந்தால் கும்பலாக வெளியே வந்து தம் அடிப்பார்கள். முதல் நாள் இடைவேளையிலேயே "அண்ணா, இந்தப் படத்தில் எனக்கு நல்ல யாவாரம்ங்க" என்று கேன்டீன்காரர் சிரித்தால், நான் எஸ்.டி.டி. பூத்துக்கு நடப்பேன், ஆபீசுக்குச் சொல்ல.

கரூர்: 'கங்குவா' பார்த்துவிட்டுத் தலைவலியோடு வந்தேன். தப்பு படத்திலா, தியேட்டரிலா?

இரண்டிலும். தியேட்டர் ஒலிக்கருவியில் ஒரு திருகு இருக்கிறது. 7 என்ற எண்ணில் வைத்தால், ஒலிக்கலவை செய்தவர் கேட்ட அதே அளவு. நம் பக்கம் பெரும்பாலும் நாலரை, ஐந்தில்தான் ஓட்டுவார்கள், ஏழில் வைத்தால் ஜனங்கள் காதைப் பொத்துவார்கள். தியேட்டரில் குறைக்கிறார்கள் என்று தெரிந்ததும் படம் எடுப்பவர்கள் இன்னும் சத்தமாகக் கலக்கிறார்கள். அவர்கள் கூட்ட, இவர்கள் குறைக்க, நடுவில் வசனம் செத்துப்போகிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது புகார் அதிகமாகி, இரண்டு பாயின்ட் குறைக்கும்படி தயாரிப்பாளர் தரப்பே தியேட்டர்களுக்குச் சொன்னது. ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே இந்தச் சத்தப் போட்டியைப் பற்றி வருத்தப்பட்டார்.

ஒன்று சொல்கிறேன். கதை பிடித்திருந்தால் அதே சத்தத்தை "செம சவுண்டு" என்று சொல்லியிருப்பீர்கள்.

ஈரோடு: 'இந்தியன் 2'-இல் ரிலீசுக்கு அப்புறம் 12 நிமிடம் வெட்டினார்களே. வெட்டினால் ஓடுமா?

ஓடி நான் பார்த்ததில்லை. இப்போது கம்ப்யூட்டரில் வெட்டுகிறார்கள். பிலிம் காலத்தில் இதே வேலையை ரெப் செய்தோம். வெள்ளிக்கிழமை ரிசல்ட் தெரிந்ததும் சனிக்கிழமை ஆபீசிலிருந்து சேதி வரும்: பதினொன்றாவது ரீலில் பாட்டை எடு, பதின்மூன்றில் கோர்ட்டு சீனைப் பாதியாக்கு. ஆபரேட்டர் கத்திரியும் பிலிம் சிமென்ட்டும் வைத்துக்கொண்டு வெட்டி ஒட்டுவார். ஒரு ஊரில் வெட்டியது அடுத்த ஊரில் இருக்கும், ஆளுக்கொரு படம் பார்ப்பார்கள்.

யாரும் சொல்லாமலே வெட்டிய ஆபரேட்டர்களும் உண்டு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றால், இரண்டாம் ஆட்டத்தைச் சீக்கிரம் தொடங்கி, இரண்டு பாட்டை விழுங்கிவிடுவார்கள். மட்டமான படங்களுக்கு அவர்கள் செய்த உபகாரத்தை எந்த விமர்சகரும் செய்ததில்லை.

வருடங்கள் கழித்து வெட்டுவது வேறு கதை. 'பாபா'வை 2022-இல் சுருக்கி மறுபடி விட்டார்கள், 2001-இல் வந்த 'ஆளவந்தான்' 2023-இல் சுருங்கி வந்தது. அப்போது போனவர்கள் சீட்டியடித்தார்கள். படம் மாறியதால் மட்டுமல்ல. ஏரியா விலை, எம்.ஜி., ஆசை எதுவும் இல்லாமல் வெறும் பழைய பிரியத்தோடு போனார்கள்.

கோவை, பீளமேடு, கல்லூரி மாணவி: அந்தக் காலத்தில் ஜனங்கள் திட்டி, பிற்பாடு கொண்டாடிய படம் ஏதாவது?

நல்ல கேள்வி அம்மணி. 1954-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏவி.எம். 'அந்த நாள்' எடுத்தது. எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி தேசத்துரோகி. பாட்டு இல்லை, நடனம் இல்லை. படம் என்றால் பத்துப் பாட்டாவது வேண்டும் என்றிருந்த காலம். பாட்டு வரும் வரும் என்று காத்திருந்து, வராமலே படம் முடிந்ததும் ஜனங்களுக்குக் கோபம். வசூலில் தோல்வி. அதே வருடம் நம் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவிலிருந்து ஸ்ரீராமுலு நாயுடு 'மலைக்கள்ளன்' கொடுத்தார். நாமக்கல் கவிஞர் கதை, கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். வெள்ளமாகக் கூட்டம். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அதற்குத்தான், 'அந்த நாள்' தகுதிச் சான்றிதழோடு நின்றது. இன்றைக்கு சினிமா படிக்கிற பிள்ளைகள் எதைத் தேடிப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். (எனக்கு 'மலைக்கள்ளன்'தான் பிடிக்கும். ஊர்ப் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்து ஓடவில்லை. வசூல் இல்லாத நாளில் தியேட்டரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்த ரெப் நான். டி.சி.ஆர். காகிதம் நனைந்துபோனது. ஆனால் இதைச் சாக்காக வைத்து, ஓடாத படமெல்லாம் காவியம் என்று இப்போது கிளம்பியிருக்கிறார்கள். அப்படியில்லை. நான் சுமந்த பெட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு ஓடாததற்கு ஒரே காரணம், நன்றாக இல்லாததுதான்.

பல்லடம்: பாதியில் எழுந்து வந்த படம்?

வேலையில் இருந்தவரை முடியாது, சம்பளமே உட்காருவதற்குத்தான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்காரியோடு போன ஒரு படத்தில் இடைவேளையில் கிளம்பலாம் என்றேன். "ஏசி நல்லா இருக்குது, இருங்க" என்று சொல்லித் தூங்கிவிட்டாள்.

அவிநாசி: படம் பிடிக்கவில்லை என்றால் காசு திருப்பிக் கேட்கலாமா?

கரண்டு போனால் அடுத்த காட்சிக்கு பாஸ் கொடுப்பார்கள். கதை போனால் கிடையாது.

தாராபுரம்: கொங்குத் தமிழை வைத்து எடுக்கிற படங்கள் எல்லாம் ஏனுங்க இப்படி இருக்கின்றன?

என் வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டீர்கள். ஒரு பஞ்சாயத்து, ஒரு வெள்ளை வேட்டி, வாக்கியத்துக்கு நாலு 'ங்க'. கொங்குத் தமிழ் முடிந்தது. ஒரு படத்தில் மாட்டைப் பார்த்துக்கூட "வாங்க" என்றார்கள். 'ங்க' எல்லா இடத்திலும் ஒட்டுகிற பசை இல்லை. பெத்தவரே பிள்ளையை "வாங்க கண்ணு" என்பார், சரி. அதே பிள்ளை மார்க் குறைத்து வாங்கினால் அந்த 'ங்க' எங்கே போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வீட்டை 'ஊடு' என்போம், சொந்தக்காரர்கள் வந்தால் 'ஒறம்பற' வந்திருக்கிறது என்போம், 'என்னுடைய' என்பது 'என்ற' ஆகும். இதெல்லாம் காதில் விழாமல் இழுவையை மட்டும் பிடித்துக்கொண்டால் மிமிக்ரிதான் வரும்.

பாக்யராஜ், மணிவண்ணன், கவுண்டமணி பேசியபோது யாரும் 'வட்டார வழக்கு' என்று பேனர் கட்டவில்லை, இந்த ஊர்க்காரர்கள், அவர்கள் பாட்டுக்குப் பேசினார்கள். 'சதி லீலாவதி'யில் கோவை சரளா கோபத்தில் பேசுவதைக் கேளுங்கள், நம் தெருவில் கேட்கிற குரல். கமல் வெளியூர்க்காரர், ஆனாலும் அந்தப் படத்தில் பிசிறில்லாமல் பேசினார். உழைத்தால் வரும். மட்டமான படத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. நம் பாட்டி பேசினதைத் தப்பாகப் பேசினால் வருகிறது.

உடுமலை: யூடியூப் விமர்சனம் படத்தைக் கொல்கிறதா?

2024 நவம்பரில் தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். எங்கள் காலத்தில் யூடியூப் இல்லை. காலைக் காட்சி பார்த்துவிட்டுத் தறிக்குடோனுக்கு ஷிப்டு போகிற ஆள் ஒருவர் போதும். சாயங்காலத்துக்குள் சோமனூர் முழுக்கத் தெரிந்துவிடும்.

மறுபடி திருப்பூர்த் தம்பி: முதலில் சொன்ன படத்தில், தோட்டத்தை விற்றவர் என்ன ஆனார்?

கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்சின் பை. மதியம் எத்தனை பேர் என்று கேட்டார். பதினொன்று என்றேன். தலையாட்டிக்கொண்டார். முதல் காட்சி விட்டு வெளியே வந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள், அத்தனை பேரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "படம் எப்படீங்க?"

இருபது பேரும் டம்ளரைப் பார்த்தபடியே, "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். அடுத்து என் பக்கம் திரும்பினார். நானும் நல்லா இருக்குதுங்க என்றேன்.