குன்னூரிலிருந்து டெல்லிக்கு மிக்ஸி, குக்கர், ஹீட்டரைக் கைப்பையில் கொண்டு போக முடியுமா?

வேலை கிடைத்து டெல்லிக்குக் குடிபோகிறீர்கள், கோவையில் விமானம் ஏறுகிறீர்கள். மிக்ஸி, 3 லிட்டர் குக்கர், சின்ன ரூம் ஹீட்டர் மூன்றையும் கைப்பையில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான பதில்: மிக்ஸியின் மோட்டார் பகுதியும் ஹீட்டரும் கைப்பையில் போகும். ஜார்கள் போகாது. குக்கரை செக்-இன்னில் (விமான நிறுவனக் கவுண்டரில் ஒப்படைக்கும் பெட்டியில்) போட்டுவிடுங்கள். எதை அனுமதிப்பது என்ற கடைசி முடிவு ஸ்கேனர் முன் இருக்கும் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை) அதிகாரியுடையது. அவருக்குச் சந்தேகம் வராதபடி பையை அடுக்குவது நம் கையில் இருக்கிறது.

முதலில் எடை. எகானமி வகுப்பில் கைப்பை ஒன்று, 7 கிலோ, நீள அகல உயரம் கூட்டினால் 115 செ.மீ. மிக்ஸி மோட்டார் 3 முதல் 4 கிலோ வரும். ஃபேன் வைத்த ஹீட்டர் ஒன்றரை, இரண்டு கிலோ. பையின் எடையையும் சேர்த்தால் கணக்கு அதோடு முடிந்தது. 55 x 40 x 20 என்று அளவு சொல்லும் பையில் அந்த 20 செ.மீ.தான் இடிக்கும். மோட்டாரைப் படுக்க வைத்து முன்கூட்டியே அளந்து பாருங்கள்.

ஜார்களைத் தடுப்பது உள்ளே இருக்கும் பிளேடால். கழற்றி வைத்தாலும் பிளேடு பிளேடுதான். ஜாரை மூடியோடு துணியில் சுற்றி செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள். பிளேடைக் கழற்றுவதற்கான ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், தேங்காய்த் துருவி, அரிவாள்மனை எல்லாம் அதே பெட்டிக்கு.

நீலகிரிக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இனிமேல் சொல்லப்போவதில்தான். ஊரிலிருந்து கிளம்பும்போது தேயிலைத் தூள், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. இடத்தை மிச்சப்படுத்த அவற்றைக் குக்கருக்குள்ளும் மோட்டாரைச் சுற்றியும் திணிக்கிறோம். எக்ஸ்-ரே திரையில் உணவு, தூள், துணி போன்ற கரிமப் பொருட்கள் ஆரஞ்சு நிறத்திலும் உலோகம் நீலத்திலும் தெரியும். மோட்டாரின் தாமிரச் சுருளும் இரும்பும் கதிரை அவ்வளவாக உள்ளே விடாததால் அந்த இடம் கறுத்துப் போகும். இப்போது அரைக்கிலோ டீத்தூள் பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒயர், உள்ளே தெரியாத உலோகம், ஒட்டினாற்போல் ஓர் ஆரஞ்சுக் கட்டி. வெடிகுண்டைத் தேடிப் பழகிய கண் அந்தப் பையை விடாது, விடவும் கூடாது. ஆகவே மோட்டாரைத் தனியாக, பையின் மேற்பகுதியில், சட்டென்று எடுத்துத் தட்டில் வைக்கும்படி வையுங்கள். ஒயரை மோட்டார் மேல் சுற்றாமல் மடித்துப் பக்கத்தில் விடுங்கள். லேப்டாப்பை எடுத்து வைக்கும்போதே இதையும் எடுத்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குக்கருக்கும் இதே சிக்கல். மூடி போட்ட கனமான பாத்திரத்துக்குள் இருப்பது திரையில் சரியாகத் தெரியாது. 2013-இல் பாஸ்டனில் குக்கரில் வைத்த குண்டு வெடித்தபின் இந்தப் பாத்திரத்தை உலகெங்கும் கூடுதலாகவே உற்றுப் பார்க்கிறார்கள். கைப்பையில்தான் வேண்டும் என்றால் உள்ளே ஒன்றும் வைக்காமல், மூடியைத் தனியாக, வெயிட்டையும் கேஸ்கட்டையும் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டு போங்கள்.

ஹீட்டரில் ஃபேன் வைத்தது நல்லது. குவார்ட்ஸ் குழாய் வைத்ததைச் செக்-இன்னில் போட்டால் உடைந்துபோக வாய்ப்புண்டு, அதைக் கையில் வைத்துக்கொள்வதே சரி. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரை மலையிலிருந்து சுமக்காதீர்கள். அதன் எடைக்குக் கைப்பை தாங்காது, டெல்லியிலேயே வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் சுட வைக்கும் ராடு, கிரைண்டர் குழவி இரண்டும் செக்-இன். இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் தண்ணீர் இல்லாமல் காலியாக இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை, இண்டக்ஷன் அடுப்பும் அப்படியே. கேஸ் லைட்டர் எதிலும் வேண்டாம்.

பேட்டரிக்கு மட்டும் விதி தலைகீழ். பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி, மழைக்காலத்தில் கரண்ட் போனால் ரௌட்டருக்குப் போடும் மினி யு.பி.எஸ். எல்லாம் கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் இருந்தால் உங்களைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். 100 வாட்-ஹவர் வரை கேட்காமலே எடுக்கலாம், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. மில்லி ஆம்பியர்-ஹவரை 1000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்குங்கள்: 20,000 என்றால் 20 x 3.7 = 74. எழுத்து அழிந்துபோன பேட்டரியைத் தடுக்கலாம். கார்ட்லெஸ் வேக்கூம் கிளீனரில் பேட்டரி கழன்றால் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டிக் கையில் வையுங்கள்.

காற்றுப் புகாத ஃபிளாஸ்க், எவர்சில்வர் டப்பாவை ஊட்டியில் இறுக மூடிக் கீழே இறங்கினால் மூடி கவ்விக்கொள்ளும். ஊட்டி 2,240 மீட்டர், கோவை சுமார் 400 மீட்டர். காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். திறந்து காட்டச் சொல்லும்போது திறக்காமல் தவிக்க வேண்டாம், மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை திறந்து மூடுங்கள்.

வீட்டில் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்தால் உர மூட்டை கிடந்த இடத்தில் பையை வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் பொருளின் மேல் ஒரு பட்டையைத் தேய்த்து இயந்திரத்தில் வைத்து வெடிமருந்துத் துகளைத் தேடுவார்கள். நைட்ரேட் கலந்த உரத்தூளுக்கும் அது ஒலிக்கக்கூடும். குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் பை முழுவதையும் பிரித்துக் கொட்டுவார்கள். பையைத் துவைத்து, மிக்ஸியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுக்குங்கள்.

நேரம்: உள்நாட்டு விமானங்களில் செக்-இன் கவுண்டர் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன் மூடும். பொருளைத் தடுத்தால் திரும்பிப் போய் செக்-இன்னில் சேர்க்க வேண்டும், ஆகவே சோதனை வரிசையில் 90 நிமிடத்துக்கு முன்னாலேயே நில்லுங்கள். வழியனுப்ப வந்தவர்களை, நீங்கள் உள்ளிருந்து போன் செய்யும்வரை வண்டியோடு விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். தடுத்த பொருளை அவர்களிடம் கொடுத்தால் அது குன்னூர் போய்ச் சேரும்.