நாங்களே பெயிண்ட் அடித்த அறைச் சுவர் கோடும் திட்டுமாகத் தெரிகிறது. மேலே இன்னொரு கோட் அடித்தால் மறைந்துவிடுமா?

மறையாது. தயவுசெய்து டப்பாவைத் திறக்காதீர்கள். இதே கேள்வியை எனக்கு நானே கேட்டு, 'மறைந்துவிடும்' என்று பதிலையும் நானே சொல்லி, மூன்றாவது கோட்டையும் அடித்து முடித்த ஆள் நான்.

லீவு நாளில் இறங்கி இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். பகலில் பார்த்தபோது 'பரவாயில்லையே' என்று தோன்றியிருக்கும். ராத்திரி விளக்கைப் போட்டதும் சுவர் முழுக்க வரிவரியாக நின்றிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. அது படுக்கையறையில் ஜன்னலை ஒட்டிய சுவர். வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரில் எந்தக் குறையும் ஒளிந்துகொள்ள முடியாது.

என் முதல் தப்பு தண்ணீர். ரோலரை இழுக்கச் சிரமமாக இருக்கிறதே என்று டப்பாவில் சொல்லியிருந்த அளவைத் தாண்டிக் கலந்தேன். நீர்த்துப்போன பெயிண்ட் அடியில் இருந்த பழைய நிறத்தை மறைக்கவில்லை. அங்கங்கே வழிந்து, சொட்டுச் சொட்டாக அப்படியே காய்ந்தது. அடுத்த தப்பு ஃபோன். பாதிச் சுவரில் ஒரு அழைப்பு வந்தது. ரோலரைத் தட்டில் வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசினேன். திரும்பி வந்தபோது விட்ட இடத்து ஓரம் காய்ந்திருந்தது, அதன்மேல் ஏற்றி அடித்தேன். அந்த இடத்தில் மட்டும் இரட்டைக் கனம். சுவர் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. என் மனைவி அதற்கு 'ஃபோன் கோடு' என்று பெயரே வைத்துவிட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் காட்டவும் செய்தாள்.

அந்த வேகத்தில் அடித்ததுதான் மூன்றாவது கோட். கெட்டியாக, ரோலர் சொட்டச் சொட்ட. விடிந்ததும் பார்த்தால் ஃபோன் கோடு அப்படியே இருக்கிறது. காய்ந்த பெயிண்ட் ஒரு தலைமுடியின் கனம் தேறினாலே அதிகம். கீழே மேடு இருந்தால் மேலேயும் மேடுதான், பள்ளத்தை அது நிரப்பாது. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஒரு கொப்புளம். நகத்தால் லேசாகக் கிள்ளினேன். செய்தித்தாள் அகலத்துக்கு ஒரே தோலாக உரிந்து கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க சாக்பீஸ் தூள் மாதிரி வெள்ளை. அடியில் பழைய டிஸ்டம்பர், அதாவது சுண்ணத் தூளில் செய்த மலிவான பெயிண்ட்! யாரோ எப்போதோ அதைக் கழுவாமல் மேலே எமல்ஷனை, அதாவது இப்போது எல்லோரும் அடிக்கும் தண்ணீர் கலக்கும் பெயிண்டை, ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு மேல்தான் என்னுடைய மூன்று கோட். பெயிண்ட் காயும்போது சுருங்கும், அடியில் இருப்பதையும் சேர்த்து இழுக்கும். தூளைப் பிடித்துக்கொண்டு எத்தனை அடுக்கு தாங்கும்?

'இதற்கெல்லாம் ஆள் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே' என்று ஒருவர் வருவார். ஐயா, டிஸ்டம்பர் மேல் எமல்ஷன் அடித்துவிட்டுப் போனவரும் கூலி வாங்கிய ஆளாகத்தான் இருப்பார். நல்ல பெயிண்டர்களைக் குறை சொல்லவில்லை. நான் செய்ததை அவர்கள் செய்யமாட்டார்கள் என்பதும் தெரியும்.

சரி, உங்கள் சுவருக்கு வருவோம். கண்ணில் படாத ஒரு மூலையில் பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கீறுங்கள். நன்றாக ஒட்டும் டேப்பை அதன்மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப் சுத்தமாக வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கோடும் வழிசலும் மட்டும்தான் பிரச்சினை, தேய்த்தால் போகும். டேப்போடு பெயிண்டும் வந்தால் ஒட்டாத இடம் முழுவதையும் சுரண்டியே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

கொப்புளமோ உப்புப் பூத்ததோ தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய் கசிகிறதா, மழைநீர் இறங்குகிறதா என்று முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஓதத்தை அடைக்காமல் நீங்கள் என்ன பூசினாலும் அது உதிரும்.

தேய்ப்பதற்கும் அவசரம் வேண்டாம். எமல்ஷன் ஒரு மணி நேரத்தில் கைக்கு ஒட்டாமல் காய்ந்துவிடும், ஆனால் முழுக்க இறுகக் கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடிக்கும். நான் மறுநாளே தேய்க்கப் போனேன். பெயிண்ட் தூளாகாமல் ரப்பரால் அழித்த துணுக்கு மாதிரி சுருண்டு சுருண்டு வந்து உப்புத்தாளை அடைத்துக்கொண்டது. குறைந்தது ஒரு வாரமாவது விடுங்கள். மேட்டை 120 நம்பர் தாளால் இறக்கிவிட்டு 220-ஆல் இழையுங்கள். பழைய வீடு, பழைய பெயிண்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தாளை நனைத்துக்கொள்ளுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பயமுறுத்துகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இதில் எனக்குக் கைகொடுத்தது டார்ச்தான். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு மேடும் நிழல் போடும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டேன், எழுபதுக்கு மேல் இருந்தது. பள்ளத்துக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் மாவு) வைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி டார்ச். பட்டியை ஒரே தடவையில் அப்பாதீர்கள், மெல்லிசாக இரண்டு தடவை வையுங்கள். இல்லாவிட்டால் வெடிக்கும்.

பட்டி வைத்த இடத்துக்குப் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு, அடிக்காமல் விடாதீர்கள். பட்டி பெயிண்டை உறிஞ்சும். அந்த இடம் மட்டும் மங்கலாக, தேமல் விழுந்த தோல் மாதிரி தெரியும். என்னைப் போல டிஸ்டம்பர் கேஸ் என்றால், ஈரத்துணியால் துடைத்தால் துணியில் வெள்ளை ஒட்டாத வரைக்கும் கழுவி, காயவைத்து, அப்புறம்தான் பிரைமர். எனக்கு அதற்கே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

பெயிண்ட் அடிப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு சுவரைத் தொடங்கினால் முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள், ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை ஏற வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது விடுங்கள். பளபளப்பு வேண்டாம், மேட் வாங்குங்கள். மிச்சம் மீதிக் குறையை அது மறைக்கும். ஃபோனை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

இப்போது அந்தச் சுவர் நன்றாகவே இருக்கிறது, சீலிங்கை ஒட்டிய ஓரத்தைத் தவிர. அங்கே கோடு பாம்பு போல நெளியும். அது என் தப்பில்லை. என் ஏணியை ஒரு சொந்தக்காரர் 'ரெண்டு நாள்ல தர்றேன்' என்று வாங்கிப்போய் எட்டு மாதம் ஆகிறது. மேஜை மேல் ஸ்டூல் போட்டு, மனைவி ஒரு காலைப் பிடித்துக்கொள்ள, கழுத்தை ஒடித்து அடித்த ஓரம் அது. போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏணி மாடியில் நின்றது, அதில் ஈரத்துணி காயப் போட்டிருந்தார்கள். கேட்டால், 'உங்களுக்கு இப்ப என்ன அவசரம், பெயிண்டிங்தான் முடிஞ்சிடுச்சே' என்கிறார்.